செவ்வாயும் வெள்ளியும்

"நீ ஊசி குத்திக் கிடந்த அன்னைக்குக்கூட ஒரு நாள் லீவு விழல, பாத்தியாக்கா."

கல்வி அலுவலகத்தின் மாடிப்படித் திருப்பத்தில் இந்தப் பேச்சு இசக்கிராணியின் காதில் விழுந்தது. விழாமல் இருந்திருந்தால் அன்று அவளுக்கு ஒரு தொல்லையும் இல்லை. படியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவள் முகம் வெளுத்து, இடது கையில் நரம்பு கயிறுபோலப் புடைத்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் முதுகைத் தடவிவிட்டபடி சின்னவள் பெருமையாகச் சொன்ன வார்த்தை அது.

இசக்கிராணி அந்த அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. யாரிடமும் வாய்விட்டுப் பேசக் கூசுகிறவள். தலைகுனிந்து அவர்களைக் கடந்து தன் இருக்கைக்குப் போனாள். மேலாக இருந்த மடிக்கணினி விண்ணப்பக் கோப்பில் பெரியவளின் படம் ஒட்டியிருந்தது. ஜெனோவா, பதினோராம் வகுப்பு, இணையவழி அரசுப் பள்ளி.

வீட்டைவிட்டு வர முடியாத பிள்ளைகளுக்காக அந்த ஆண்டுதான் அந்தப் பள்ளி தொடங்கியிருந்தது. அரசு தரும் மடிக்கணினி அந்தப் பிள்ளைகளுக்கும் உண்டா என்று அலுவலகத்தில் ஒரு மாதம் வழக்காடினார்கள். "திரையில பாக்கிறவன் மாணவன்னா, டிவியில சமையல் பாக்கிறவ எல்லாம் சமையல்காரியா?" என்று கேட்டவர் கண்காணிப்பாளர் வேலாயுதம். உண்டு என்று மேலிடத்திலிருந்து ஆணை வந்ததும் அவர் வாய் அடைத்தது.

ஆணை ஒரே பக்கம். பள்ளிப் பதிவேட்டில் பெயருள்ளவரே மாணவர். அவர் வேலை நாட்களில் முக்கால் பங்கு வகுப்புக்கு வந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று உள்ள நாட்களை வேலை நாட்களிலிருந்து கழித்துவிடலாம். பொய்யாக வருகை பதிந்த மாணவருக்கு அந்த ஆண்டு எந்தச் சலுகையும் கிடையாது.

ஜெனோவாவின் வருகை நூற்றுக்கு நூறு. 'செவ்வாய், வெள்ளிகளில் கேமரா வேலை செய்வதில்லை. ஆனால் அந்த நாட்களில்தான் நிறையக் கேள்வி கேட்கிறாள்' என்று வகுப்பாசிரியர் பாராட்டி எழுதியிருந்தார். அதன் அடியில் நோய்க்குச் சான்றாக மருத்துவமனைச் சீட்டுகள். ரத்தச் சுத்திகரிப்பு, செவ்வாய், வெள்ளி, காலை எட்டு முதல் ஒரு மணி வரை. வகுப்பு நேரமோ காலை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி வரை.

இசக்கிராணி எழுந்து படிக்கட்டுக்கே வந்தாள். தாழ்ந்த குரலில் விசாரித்தாள். மறைக்கத் தெரியாத பிள்ளைகள். தங்கை அமலிக்குப் பதினைந்து வயது. அம்மா உப்பளத்துக்குப் போய்விடுவதால் அக்காவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கியவள். பல நாள் வரவில்லை என்று அவள் பெயரைப் பள்ளியில் அடித்துவிட்டார்கள். இப்போது எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் அவள் இல்லை. லீவு விழுந்தால் பெயர் போகும் என்பது ஒன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்த சட்டம். ஆகவே, செவ்வாயும் வெள்ளியும் அம்மா அளத்து வேலையை விட்டு அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, மாமாவின் போனை எடுத்துவைத்து அக்கா பெயரில் அமலி வகுப்பில் உட்கார்ந்தாள். ஜெனோவாவுக்கு இது தெரிந்ததே போன வாரம், நோட்டில் வேறு கையெழுத்தைப் பார்த்துத்தான். மாமா அடுத்த மாதம் கப்பலுக்குப் போகிறார். போனும் அவரோடு போகிறது. மடிக்கணினி இல்லையென்றால் ஜெனோவாவின் படிப்பு அத்தோடு சரி.

"நான் இருந்த நாள அழிச்சிருங்க மேடம். அக்கா இருந்த நாள அழிக்காதீங்க," என்றாள் அமலி.

"ஏட்டி, சும்மா இரி." ஜெனோவா மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "என் பேர எடுத்துட்டு இவ பேரப் போடுங்க மேடம். நான் இன்னும் எத்தன செவ்வாக்கிழமையக் காணப் போறேன்?"

இசக்கிராணியால் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வந்து வேலாயுதத்திடம் பெயர் சொல்லாமல் கேட்டாள். இப்படி ஒரு கோப்பு வந்தால் என்ன செய்வது சார்? அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ரிஜிஸ்டர் தனியா சரியா இருக்கும். ஆஸ்பத்திரிச் சீட்டும் தனியா சரியா இருக்கும். ஒப்பிட்டுப் பாத்தேன்னு கையெழுத்துப் போடறது நீதானம்மா. பாக்கலைன்னா பிள்ளைக்கு லாபம். பாத்தேன்னா கடைசி விதி. கோப்பு அஞ்சு மணிக்குப் போகணும்."

கண்டதை மறைத்துக் கையெழுத்திட்டால் அது பொய். கண்டதை எழுதினால் கடைசி விதி காத்திருக்கிறது. பேசாமல் லீவு போட்டிருந்தால் அந்த நாட்கள் தாமாகவே கழிந்திருக்கும்.

கேட்கிறவர்களே, ஆணையை இன்னொரு தடவை படித்துவிட்டுச் சொல்லுங்கள். பொய்யும் எழுதாமல் விதியையும் மீறாமல் ஜெனோவாவுக்கு மடிக்கணினி கிடைக்க வழி உண்டா? பொய்யாக வருகை பதிந்த மாணவர் இதில் யார்?

அப்படி ஒரு மாணவரே இல்லை. பொய்யாகப் பதிந்தவள் அமலி. அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் ஆணையின்படி அவள் மாணவி அல்ல. மாணவியான ஜெனோவா, கையில் ஊசியோடு படுத்திருந்தாளே தவிர எதையும் பதியவில்லை. செவ்வாயும் வெள்ளியும் மருத்துவ நாட்களாகக் கழிந்தால், மீதி நாட்கள் எல்லாவற்றிலும் வந்தவள் அவளே. இசக்கிராணி இதை அப்படியே எழுதி, ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று கையெழுத்திட்டாள். அமலியின் பெயரில் அதே இணையவழிப் பள்ளிக்கு ஒரு சேர்க்கைப் படிவத்தையும் நிரப்பிக் கோப்போடு அனுப்பினாள். மடிக்கணினி வந்தது. அதில் ஜெனோவா படித்தது பதினோரு நாள். அடக்கம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அமலி தன் பெயரில் வகுப்புக்குள் நுழைந்து, கேமராவைத் திறந்துவைத்தாள்.