குறையில்லாத அடுப்படி

குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யனுக்கு அறுபத்தொன்று. சிரிக்காதீர்கள். தூத்துக்குடியில் நடந்தது இது. புத்தி எந்த வயசுக்காரன் அண்டாவில் வேகும் என்று யார் கண்டது?

சிஷ்யன் பெயர் லியோன் மச்சாடு. கப்பலில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில், வருஷத்துக்கு இரண்டு மாதம்தான் வீட்டில் தங்கியிருப்பார். அந்த இரண்டு மாதமும் மனைவி டெல்பின் சமையலறைக்குள் வியர்த்து ஊற்றிக்கொண்டு நிற்பாள். காற்றே வராத பொந்து அது. "ரிட்டயர் ஆகட்டும் டெல்பின், அப்புறம் நீ அகப்பையைத் தொடவே வேண்டாம்" என்று ஒவ்வொரு தடவை கப்பலேறும்போதும் சொல்லிவிட்டுப் போவார். மனுஷன் சொன்னால் சொன்னதைச் செய்கிற ரகம். அதுதான் வினையாகப் போயிற்று.

குரு பெயர் உவைஸ். ஊரில் பெரிய கல்யாணம் என்றால் உவைஸ் மாஸ்டர் பிரியாணிதான். ஒருநாள் லியோன் போய் அவர் முன்னால் நின்றார்.

"மாஸ்டர், எனக்குச் சமைக்கக் கத்துத் தரணும்."

மாஸ்டர் ஏற இறங்கப் பார்த்தார். "யாருக்குச் சமைக்கப் போறிய அண்ணாச்சி?"

"என் வீட்டுக்காரிக்கு."

"அப்போ சரி. அந்தச் சாக்குல இருக்குற வெங்காயத்தை உரிங்க."

எட்டு மாதம் உரித்தார். கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக உரித்தார். இந்த வயசில் இவ்வளவு பணிவான சிஷ்யன் யாருக்குக் கிடைப்பான்! மீன் குழம்பு, ஆட்டுக்கறி, தேங்காய்ச் சோறு என்று ஒன்றொன்றாகக் கை பழகியது.

அதோடு விட்டாரா? வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் ஒரு வெளி அடுப்படி கட்டத் தொடங்கினார். திறந்தவெளியில் காற்றோட்டமாகச் சமைக்கிற அடுப்படி. பதினெட்டுத் தடவை படம் வரைந்தார். கச்சான் காற்று எந்தப் பக்கமிருந்து வரும், வாடை எந்தப் பக்கமிருந்து வரும் என்று ஒரு வருஷம் குறித்து வைத்துக்கொண்டு, புகை டெல்பின் முகத்துக்கு வராதபடி கரியடுப்பை மூலையில் வைத்தார். உப்புக்காற்று சாதா எவர்சில்வரைத் தின்றுவிடும் என்று கப்பலுக்குப் போடுகிற உயர்ந்த ரகத் தகடாகப் பார்த்து வரவழைத்தார். கருங்கல் மேடை, நான்கு கேஸ் அடுப்பு, ரொட்டி சுடத் தந்தூர், மழைநீர் தேங்காத சரிவுத் தரை, மூன்று பக்கமும் திறந்த உயரமான கூரை. கேஸை ஒரே தட்டில் நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் கூட வைத்தார்; இன்ஜின் ரூம் புத்தி எங்கே போகும்? எதிரே கடலைப் பார்த்தபடி, கால் நீட்டிக்கொள்ளும் வசதியோடு ஒரு நாற்காலி. அது டெல்பினுக்கு.

அடுப்படி முடிந்து ஒரு மாதம். ரம்ஜான் மாதம் பிறந்திருந்தது. ஒரு மத்தியானம் லியோன் பள்ளிவாசலுக்குப் பின்னால் வந்து நின்றார். அங்கே பெரிய அண்டாவில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. மாஸ்டர் துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் நோன்பு திறக்க நானூறு பேர் குடிக்கிற கஞ்சி.

"என்ன அண்ணாச்சி, முகம் சரியில்ல?"

"டெல்பின் மணப்பாட்டுக்குப் போயிட்டா மாஸ்டர். தங்கச்சி வீட்டுக்கு. மூணு நாள்னு சொல்லிட்டுப் போனா. இன்னைக்குப் பன்னிரண்டு நாளாச்சு."

"சண்டையா?"

"சண்டை போட்டிருந்தா சமாதானம் பண்ணிருவேனே! ஒண்ணுமே இல்ல. தினமும் போன் பண்ணி 'சாப்ட்டியளா'ன்னு கேக்கா. எப்ப வாறேன்னு கேட்டா, 'பாப்போம்'ங்கா."

மாஸ்டர் துடுப்பை நிறுத்தவில்லை. "அடுப்படி பிடிக்கலையோ?"

"பிடிக்காம என்ன? வாயைத் தெறந்து ஒரு குறை சொன்னதில்ல. குறை சொல்ல என்ன இருக்கு அதுல? நான் எதையும் விட்டு வைக்கலையே மாஸ்டர்."

"அங்க வந்து என்ன செய்வாங்க?"

"உக்காருவா. வெங்காயம் நறுக்கட்டான்னு கேப்பா. நீ உக்காரு டெல்பின்னு சொல்லுவேன். கருவேப்பிலை பறிச்சுட்டு வரட்டாம்பா. எல்லாம் இருக்கு, நீ உக்காரும்பேன். ராணி மாதிரி வச்சிருக்கேன் மாஸ்டர். அஞ்சு நிமிசம் உக்காந்துட்டு எந்திச்சு உள்ள போயிருவா. அந்தப் பழைய பொந்துக்குள்ள போய் தனக்குன்னு ஒரு கட்டஞ்சாயா போட்டுக் குடிப்பா."

கடலில் எத்தனையோ புயலைப் பார்த்த மனுஷன், கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு இனி என் கூட இருக்கப் பிடிக்கலையோன்னு பயமா இருக்கு மாஸ்டர். என்ன குறை வச்சேன்? நீங்களே சொல்லுங்க."

மாஸ்டர் ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கஞ்சி எடுத்து, ஊதி, அவர் கையில் கொடுத்தார்.

"உப்புப் பாருங்க."

"நானா?"

"நோன்பு வச்சிருக்கேன்ல. நாக்கு நுனியில வச்சுத் துப்பலாம்பாங்க, எனக்கு மனசு வராது. நீங்க பாருங்க."

லியோன் குடித்துப் பார்த்தார். யோசித்தார். "கொஞ்சம் பத்தல மாஸ்டர்."

மாஸ்டர் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினார். "இப்ப?"

லியோன் இன்னொரு வாய் குடித்தார். "இன்னும் அரைக் கை போடலாம்." சொன்ன பிறகு அவருக்கே பயம் வந்துவிட்டது. "இருங்க மாஸ்டர்! நானூறு பேர் குடிக்கிறது. என் பேச்சைக் கேட்டுப் போட்டு..."

அதற்குள் அரைக் கை உப்பு அண்டாவில் விழுந்துவிட்டது.

"பாருங்க."

பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆங்! இப்ப கரெக்டு. அமிர்தம் மாஸ்டர்!"

"அப்போ இறக்கிருவோம். ஒரு பக்கம் பிடிங்க."

இரண்டு பேருமாக அண்டாவை இறக்கினார்கள். லியோன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, யாரும் கேட்காமலே நின்று கிண்டினார். அந்த வழியாக வந்த, பாங்கு சொல்லுகிற முஅத்தினாரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு உப்பு நான் பாத்தது" என்றார். முஅத்தினார் சிரித்துக்கொண்டே போனார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அழுத முகமா இது என்று நமக்கே சந்தேகம் வரும்.

கிண்டிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினார். கப்பல் இன்ஜினைக் காதால் கேட்டே நோய் சொல்லுகிற ஆள். ஒரு கணக்கு இடித்தது.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"இதே அண்டாவில எத்தனை வருஷமாக் கஞ்சி காய்ச்சுதிய?"

"பதினஞ்சு."

"இதே அரிசி, இதே தண்ணி. உங்க கைக்கு உப்பு அளவு தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே ஏன் குறைஞ்சது?"

மாஸ்டர் அடுப்பிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தார். பிறகு துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"யார்கிட்டயாவது கேக்கணும்ல அண்ணாச்சி. அதுக்குன்னே கொஞ்சம் குறைச்சுத்தான் போடுவேன்."

லியோன் துடுப்பைப் பிடித்தபடி நின்றார். கஞ்சியில் ஏடு படியத் தொடங்கியது. மாஸ்டர் வந்து துடுப்பை வாங்கிக்கொண்டார். வாங்கியதுகூட அவருக்குத் தெரியவில்லை.

பிறகு போய் வேலி ஓரம் நின்று போனை எடுத்தார்.

"சாப்ட்டியளா?" என்றாள் டெல்பின்.

"டெல்பின், அந்த அடுப்புக்குப் பக்கத்து மேடையை இடிச்சிரலாம்னு இருக்கேன்."

"ஐயையோ! ஏன்?"

"அந்த இடத்துல என்ன இருக்கணும்னு எனக்குத் தெரியல. நீ வந்து சொல்லுதியா?"

முப்பத்தைந்து வருஷம் தனியாகக் குடித்தனம் நடத்திய பொம்பளை, அவ்வளவு சுலபமாக ஏமாறுவாளா?

"நெசமாத் தெரியாதா? இல்ல, என்னை வரவைக்கத் தெரியாத மாதிரி கேக்கியளா?"

லியோன் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தார். குறைத்துப் போடுகிறவனுக்கு முதலில் முழு அளவு தெரிந்திருக்க வேண்டும். தனக்கு என்ன தெரியும் என்று லியோன் யோசித்துப் பார்த்தார், ஒன்றும் கிடைக்கவில்லை.

"நெசமாவே தெரியாது டெல்பின்" என்றார். "இத்தனை வருஷம் உன் கையால தின்னேன். நீ எந்தப் பக்கம் நின்னு சமைப்ப, எதை எங்க வைப்ப, எந்தக் கையால உப்புப் போடுவன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது."

"இடது கை" என்றாள் டெல்பின்.

"என்னது?"

"இடது கைதான். சாப்பிடுறது, சிலுவை போடுறது, உங்க அம்மாவுக்குப் பயந்து பரிமாறுறது, எல்லாம் வலது கை. அடுப்புகிட்ட நிக்கும்போது மட்டும் இடது கை. அங்கதான் என்னை யாரும் பாக்க மாட்டாவ. நீங்க கோயிலுக்குப் போயிருந்த அன்னைக்கு உங்க அடுப்புகிட்ட நின்னு பாத்தேங்க. உப்பெடுக்கக் கையை நீட்டினேன். கை போன பக்கம் ஒண்ணுமே இல்ல."

லியோன் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டார்.

"லைன்ல இருக்கியளா?"

"இருக்கேன்."

"அழுதியளா?"

"இல்ல."

"சரி சரி, கண்ணைத் தொடைங்க. காலையில முதல் பஸ்ஸுல வாரேன். நான் வாரவரைக்கும் எதையும் இடிக்கவும் வேண்டாம், எதையும் கட்டவும் வேண்டாம். சும்மா உக்காருங்க."