வழவழத்த கன்னமும் குழி விழுந்த கன்னமும்

“கண் என்று ஒன்று நம்மிடம் இருந்தது. அதை நாம்…”

இதற்கு மேல் மெல்வாலனுக்கு ஞாபகம் வரவில்லை. தாத்தா அடிக்கடி சொன்னதுதான். தொலைத்துவிட்டோம் என்று முடித்தாரா, எங்கோ வைத்துவிட்டோம் என்று முடித்தாரா? அவர் போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. இனி யாரிடம் கேட்பது!

மெல்வாலன் ஒரு குகை மீன். மலைக்குள்ளே, மேல்குகைச் சுனையில் அவன் கூட்டம் வாழ்ந்தது. அங்கே எப்போதும் கும்மிருட்டு. கூட்டத்தில் ஒருவருக்கும் கண் கிடையாது. பெயர்கூடத் தடவிப் பார்த்து வைத்ததுதான். வால் மெத்தென்று இருந்ததால் இவன் மெல்வாலன். போகிற இடமெல்லாம் பாறையில் மோதிக்கொண்டதால் கூட்டத் தலைவர் பாறைமுட்டி.

கண் இல்லாதது அவர்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. பெருமையாகவே தெரிந்தது! கண் இருக்க வேண்டிய இடத்தில் அவர்களுக்குக் கன்னம் கூழாங்கல்லைப் போல வழவழப்பாக இருக்கும். கல்யாணப் பேச்சு வந்தால் முதல் சடங்கு, கன்னம் உரசல். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் பெண்ணின் கன்னத்தோடு தன் கன்னத்தை உரசிப் பார்ப்பார். வழுக்கினால் நல்ல குலம். இல்லாவிட்டால் பெண் வந்த வழியே போகலாம்.

பாறைக்கு அந்தப் பக்கம் கீழ்க்குகை. அங்கே வாழ்ந்ததும் கண் இல்லாத மீன்கள்தாம். நடுவே குறுகலாக ஒரு இடுக்கு. ஒரு நாள் அந்த இடுக்கு வழியாக ‘குளுக் குளுக்’ என்று சத்தம் வந்தது. யாரோ நீர்க்குமிழி விட்டு விளையாடுகிறார்கள். மெல்வாலன் பதிலுக்கு வாலைத் தட்டினான். சத்தம் நின்றது.

“யாரது, வாலால தாளம் போடுறது?” என்று ஒரு குரல் கேட்டது.

அவள் பெயர் குமிழி. அன்றிலிருந்து மெல்வாலனுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு குகைக்கும், வெளியே ஏரிக்கும் போய்வந்துகொண்டிருந்தவள் நண்டக்கா. அவளுக்கு மட்டும் கண் உண்டு. அவள்தான் சம்பந்தம் பேசி, குமிழியை மேல்குகைக்கு அழைத்து வந்தாள். பாறைமுட்டி கன்னத்தை உரசினார். அடுத்த நொடி துள்ளி விலகினார்.

“குழி! கன்னத்துல குழி! ஏ நண்டே, இந்தக் குழிக்காரியையா எங்க குலத்துக்குக் கொண்டுவந்தே?”

“ஐயா, உங்களுக்கும் கண்ணு இல்ல, அவளுக்கும் கண்ணு இல்ல. இதுல மேல் என்ன, கீழ் என்ன?” என்றாள் நண்டக்கா.

“எங்க குருடு சுத்தமான குருடு! அவங்களுது அரைகுறைக் குருடு!”

குமிழி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “உங்க கன்னம் வழவழப்புதான், பெரியவரே. வாய்தான் சொரசொரப்பு!”

மெல்வாலனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கென்று சிரித்துவிட்டான்.

“சிரிச்சவனுக்கு இந்தச் சுனையில இடமில்லை!” என்று பாறைமுட்டி கத்தினார்.

அப்படியே ஆயிற்று. மெல்வாலனும் குமிழியும் இரண்டு குகைக்கும் நடுவே, அந்த இடுக்கிலேயே குடித்தனம் வைத்தார்கள்.

குமிழி முட்டையிட்டாள். பாதி முட்டைகளைத் தண்ணீர் இழுத்துப்போனது. மீதியில் தேறியது ஒன்றே ஒன்று. ஒரு பெண் குஞ்சு. மெல்வாலன் ஆசையாய் அதன் கன்னத்தை உரசினான். உரசியவன் பதறிப்போனான். வழவழப்பும் இல்லை, குழியும் இல்லை. உருண்டையாய் ஏதோ புடைத்துக்கொண்டு நின்றது.

“குமிழி! பிள்ளைக்குக் கட்டி! ரெண்டு பக்கமும் கட்டி!”

இருவரும் அழுதார்கள். அழுதுவிட்டு, பிள்ளைக்குக் குண்டுமணி என்று பெயர் வைத்தார்கள்.

குழந்தை பார்க்க நண்டக்கா வந்தாள். இடுக்கின் கூரையில் ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியே நூல் போல வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. நண்டக்கா ஓசைப்படாமல் ஒரு மூலையில் நின்றாள்.

“அத்தை, உங்க தலைல ரெண்டு குச்சி ஆடுதே, அது என்ன?” என்று கேட்டது குண்டுமணி.

நண்டக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “தண்ணி அசைஞ்சாதானே உங்களுக்கு ஆள் தெரியும்? நான் இன்னும் தண்ணிய அசைக்கவே இல்லையே! தம்பி மெல்வாலா, இது கட்டி இல்லடா! கண்ணு! உன் பிள்ளைக்குக் கண்ணு இருக்கு!”

மெல்வாலன் மகளின் கன்னத்தை மறுபடியும் மெல்ல உரசினான். பிறகு கேட்டான்: “அது வலிக்குமா, அக்கா?”

“வலிக்காது. ஆனா சும்மா இருக்க விடாது!” என்று சிரித்தாள் நண்டக்கா.

அந்த வருடம் மழை பொய்த்தது. இரண்டு குகையிலும் தண்ணீர் வேகமாக இறங்கியது. ஏரிக்குப் போனால் பிழைக்கலாம். அதற்கு ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். ஓடையில் பட்டப்பகலிலும் நிதானமாக நின்றுகொண்டிருந்தது ஒரு நாரை. முந்தின கோடையில் கீழ்க்குகையிலிருந்து மூன்று மீன்கள் துணிந்து போயின. நண்டக்கா கண்டது அவற்றின் செதில்களை மட்டும்தான்.

“நான் முன்னால போறேன். எல்லாரும் எனக்குப் பின்னால ஒருத்தர் வாலை ஒருத்தர் கவ்விக்கிட்டு வாங்க” என்றாள் குண்டுமணி.

முதலில் தாய் குமிழியின் கீழ்க்குகைக் கூட்டம் கிளம்பியது. நாரை பார்த்தது.

“அடடா! குருட்டு மீனெல்லாம் கோர்த்துக்கிட்டு வருதே! வாங்க, வாங்க!”

“கழுத்தைப் பின்னால இழுக்குது! கல்லுக்கு அடியில ஒதுங்குங்க!” என்று கத்தினாள் குண்டுமணி. மொத்த வரிசையும் கல்லடியில் பதுங்கியது. நாரையின் அலகு வெறும் மணலில் குத்தியது.

“மூக்கெல்லாம் மண்ணு! இப்போ ஓடுங்க!”

நாரை மண்ணை உதறி முடிப்பதற்குள் வரிசை ஏரிக்குள் போய்ச் சேர்ந்தது. ஒருவர்கூடக் குறையவில்லை.

ஏரியில் ஒரே கொண்டாட்டம். “எங்க குழிக்குள்ளதான் அந்தக் கண்ணு இத்தனை நாள் ஒளிஞ்சிருந்திருக்கு! வழவழப்புக்கு இதுல என்ன பங்கு?” என்று கீழ்க்குகையார் மார்தட்டினார்கள்.

அப்போது நண்டக்கா சேதி கொண்டுவந்தாள். “மேல்குகைல இன்னும் ரெண்டு நாள் தண்ணிதான் தம்பி. பாறைமுட்டி சேத்துல பாதி உடம்பு புதைஞ்சு கிடக்கார்.”

மெல்வாலன் மகள் பக்கம் திரும்பினான். குமிழி குறுக்கே வந்து நின்றாள்.

“முடியாது! நாரை ஒரு தடவை ஏமாந்துச்சு. மறுபடியும் ஏமாறும்னு யார் சொன்னது? இருக்கிறது ஒரே பிள்ளை. அவளை யாருக்காகக் கூட்டிட்டுப் போறீங்க? என்னைக் குழிக்காரின்னு துரத்தினவங்களுக்காகவா?”

குமிழி சொன்னதில் பொய் இல்லை. மெல்வாலன் நண்டக்காவிடம் கேட்டான்: “நிஜமாச் சொல்லுங்க அக்கா. இவளுக்குக் கண்ணு யார் கொடுத்தது? அவங்க சொல்ற மாதிரி குழியா?”

“குழியும் குழியும் எத்தனையோ தலைமுறை கட்டிக்கிட்டாங்களே, ஒரு கண்ணு பொறந்துச்சா? வழவழப்பும் வழவழப்பும் கட்டிக்கிட்டாங்களே, அங்கேயாவது பொறந்துச்சா?”

“இல்ல.”

“கேளு. நான் வயித்துக்கடியில ஆயிரம் முட்டை சுமந்தவ. ஒவ்வொரு முட்டைக்குள்ளயும் ஒரு நீளப் பாட்டு இருக்கு. அதைப் பாடிப் பாடித்தான் வால் வருது, செவுள் வருது, கண்ணு வருது. அந்தப் பாட்டை அப்பா ஒரு தடவை கொடுப்பார், அம்மா ஒரு தடவை கொடுப்பா.”

நண்டக்கா பாட்டு என்று சொன்னதைத்தான் மனிதர்கள் மரபணு என்கிறார்கள்.

“வெளியில கண்ணுக்கான வரி ஒண்ணு தொலைஞ்சு பொறந்தவனை நாரை அன்னைக்கே முழுங்கிடும். தொலைஞ்ச பாட்டும் அவனோட போயிடும். இருட்டுல நாரை ஏது? வரி தொலைஞ்சவனும் நல்லாத்தான் வாழ்ந்தான், பிள்ளை பெத்தான். உங்க குலத்துல ஒரு வரி போச்சு. குமிழி குலத்துல வேற ஒரு வரி போச்சு. உன்கிட்ட இல்லாததை அவ பாட்டு நிரப்புச்சு. அவகிட்ட இல்லாததை உன் பாட்டு நிரப்புச்சு. பாட்டு முழுசாச்சு, கண்ணு தொறந்துச்சு!”

குமிழி மெதுவாகக் கேட்டாள்: “அப்படின்னா அந்தப் பாறைமுட்டிக்குள்ளயும் என் பிள்ளையோட கண்ணு பாதி இருக்குங்கறியா?”

“இருக்கு. பாவம், அவருக்கே தெரியாது!”

குமிழிக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “கன்னத்தை உரசத் தெரிஞ்ச பெரியவருக்கு உள்ள என்ன இருக்குன்னு தெரியல பாரு!”

ஏரியின் மேல் வெயில் விழுந்தது. மெல்வாலனால் அதைப் பார்க்க முடியாது. ஆனால் அவன் வழவழத்த கன்னத்தில் இளஞ்சூடு படர்ந்தது. அவன் இருட்டில் வாழ்ந்து இருட்டிலேயே செத்துப்போன தன் முன்னோர்களை நினைத்தான். கண் என்றால் என்னவென்றே அறியாதவர்கள். அப்படியும், ஒரே ஒரு வரி போக மற்ற வரிகளையெல்லாம் சிந்தாமல் சிதறாமல் கைமாற்றி, அவன் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்தவர்கள். அடுத்த சுனையில் குமிழியின் முன்னோர்களும் அதையேதான் செய்தார்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் அத்தனை பேரும் சேர்ந்து அவன் மகளுக்கு ஒரு ஏரியைக் காட்டியிருக்கிறார்கள்! அவர்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வது? அந்த நன்றியை வாங்கிக்கொள்ள இப்போது உயிரோடு இருப்பவர்கள் சேற்றில் புதைந்து கிடந்தார்கள்.

“அப்பா, நாரை குத்தறதுக்கு முன்னாடி எந்தக் காலை ஊனுதுன்னு நான் பார்த்து வச்சிருக்கேன்” என்றாள் குண்டுமணி.

குமிழி மகளின் கன்னத்தோடு தன் கன்னத்தை வைத்தாள். பிறகு வழியை விட்டு விலகினாள்.

நம்மிடம் இருக்கும் நன்மையைப் பலர் தங்களை அறியாமலே காத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆகையால் நம்மைப் பழித்தவருக்கும் நாம் நன்றிக்கடன் பட்டிருக்கலாம்.

குண்டுமணியை முன்னே விட்டு, அவள் வாலைக் கவ்விக்கொண்டு, மெல்வாலன் மேல்குகையை நோக்கி நீந்தினான்.