நைல் நதிக் காற்று தெற்கே திரும்பிய கதை

காற்றுக்கும் ஆற்றுக்கும் பறவைகளுக்கும் பேச்சு இருந்த காலம் அது.

நைல் நதி அப்போதும் தெற்கே மலைகளில் பிறந்து, வடக்கே கடலை நோக்கித்தான் ஓடிக்கொண்டிருந்தது. காற்று அதற்குத் தம்பி. அண்ணன் போகும் பக்கமே தம்பியும் போகும். இரு கரைக்கும் அப்பால் பாலைவனம். அந்த மணலில் நெடுந்தூரம் நடந்து பிழைத்தவர் இல்லை. ஆகவே, நாணல் படகேறி வடக்கே போனவர்கள் போனவர்கள்தான். ஒருவர் கிளம்பும் நாளிலேயே ஊரார் தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு அழுது தீர்த்துவிடுவார்கள்.

தெற்கே பாறைகள் நிறைந்த ஓர் ஊரில் ஹெனுத் என்ற படகுக்காரி இருந்தாள். அவள் கணவன் சென்பி கல் செதுக்குகிறவன். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. சென்பியின் வயதான தகப்பனாரும் அவர்களோடு இருந்தார். ஒரு வருஷம் ஆற்றில் வெள்ளமே வரவில்லை. வெள்ளம் விட்டுப்போகும் வண்டல் இல்லாமல் அந்த நாட்டில் விதைப்பு ஏது? பானைகள் காலியாயின. வடக்கே, ஆறு கடலில் சேரும் இடத்தில், போன வருஷத்துக் கோதுமை குதிர் குதிராக இருப்பதாகப் பறவைகள் சொல்லின.

"நான் போய் வாங்கி வருகிறேன்" என்றான் சென்பி.

"உங்களுக்குத் துடுப்புப் பிடிக்கத் தெரியாது. நான் போகிறேன்."

"போவது சரி. எப்படித் திரும்புவாய்?"

"அது எனக்கும் தெரியவில்லை. பிள்ளை இங்கே இருக்கிறான். எப்படியும் வந்துவிடுவேன்."

சென்பி செதுக்கிய மாவரைக்கும் கற்களை ஏற்றிக்கொண்டு அவள் கிளம்பினாள். ஊர் புழுதியை வாரித் தலையில் போட்டுக்கொண்டது. சென்பி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வடக்கே கல்லில்லாத சதுப்பு நிலம். அவளுடைய கற்களை ஆவலோடு வாங்கிக்கொண்டு படகு நிறையக் கோதுமை கொடுத்தார்கள். ஆனால் படகைத் திருப்பியதும் கஷ்டம் தொடங்கியது. பகல் முழுக்கத் துடுப்புப் போட்டாலும், களைத்துக் கை ஓய்ந்ததும் ஆறு அவளைப் புறப்பட்ட துறைக்கே கொண்டுவந்து விட்டது. கரையில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தாள். முழங்கால்வரை சேற்றில் புதைந்தாள். கடைசியில் படகிலேயே உட்கார்ந்து ஆற்றிடம் கேட்டாள்.

"ஐயா, ஒரே ஒரு தடவை தெற்கே ஓடக் கூடாதா?"

"நான் திரும்பினால் கீழே இருக்கிற ஊரெல்லாம் தாகத்தில் சாகும், மகளே. தண்ணீருக்கு மலை ஏறவும் தெரியாது" என்றது ஆறு. சொல்லும்போதே அதற்கு வருத்தமாக இருந்தது.

நாணலுக்குள் மீன் தேடிக்கொண்டிருந்த அரிவாள் மூக்கன் பறவை தலையைத் தூக்கியது. "அவரை ஏன் கேட்கிறாய்? சுமையில்லாமல் கூடவே போகிறானே தம்பி, அவனைக் கேள்."

ஹெனுத் எழுந்து நின்று காற்றைப் பார்த்துச் சொன்னாள்: "இரண்டு பேரும் ஒரே பக்கம் தள்ளினால் நாங்கள் வீட்டுக்கு எப்படிப் போவது? என் பிள்ளை பசியோடு இருக்கிறான்."

காற்று சட்டென்று நின்றது. நாணல்கள் அசையவில்லை.

"அண்ணா," என்றது காற்று, "பிறந்ததிலிருந்து உன் பக்கத்திலேயே ஓடி வருகிறேன். இப்போது திரும்பினால் இனி உன்னோடு சேர்ந்து வர முடியாது. எதிரே வந்து கடந்து போவதோடு சரி."

ஆறு சொன்னது:

"தம்பி, போகிறவர்களுக்கு நான் இருக்கிறேன். திரும்புகிறவர்களுக்கு யாரும் இல்லை. நீ போ. இத்தனை காலம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு ஓடினோம். உன் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. எதிரே வந்தாலாவது பார்ப்பேன்."

காற்று திரும்பியது. முதல்முறையாக அண்ணனுக்கு எதிரே வந்தது. அது மேலே பட்டதும் ஆறு முழுவதும் சிலிர்த்துச் சிற்றலை எழுந்தது.

ஹெனுத்தின் தலைமுடி தெற்குப் பக்கமாகப் பறந்தது. அவளுக்கு விஷயம் புரிந்தது. கோதுமையை மூடியிருந்த பெரிய துணியை உருவி, இரண்டு துடுப்புகளை நட்டு, அவற்றில் இழுத்துக் கட்டினாள். துணி புடைத்தது. படகு நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு மேலேறியது.

அவளைக் கண்டதும் ஊர் பயந்து ஓடியது. செத்தவள் வருகிறாள் என்று கத்தினார்கள். சென்பி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்தான். குழந்தை மெலிந்திருந்தது, ஆனால் அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் ஹெனுத் படகிலிருந்து குதித்துக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "உங்கள் அப்பா எங்கே?" என்று கேட்டாள். சென்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் தகப்பனார் தன் பங்குக் கஞ்சியைப் பேரனுக்கே கொடுத்துக்கொண்டிருந்து, முந்தின வாரம் போய்ச் சேர்ந்திருந்தார். கோதுமையை அணைத்துக்கொண்டு இருவரும் அழுதார்கள். பிறகு எழுந்து ஊருக்குப் பங்கிட்டார்கள்.

அதன் பிறகு அந்த ஆற்றில் போக்கும் வரவும் பெருகின. தெற்கிலிருந்து கல் போயிற்று, வடக்கிலிருந்து தானியம் வந்தது. கரை நெடுகக் கோயில்களும் நகரங்களும் எழுந்தன. அந்த நாட்டார் எழுத்துக் கண்டபோது, தெற்கே போவதற்குப் பாய் விரித்த படகையும், வடக்கே போவதற்குப் பாயில்லாத படகையும் வரைந்தார்கள். இன்று கேமராவோடு வரும் பயணிகளும், தெற்கே போகும்போது படகுக்காரர் பாயை விரித்துவிட்டு, துடுப்பைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதை வியப்போடு பார்க்கிறார்கள்.

நைலில் கிளம்பிப் போகிறவர்களுக்காக யாரும் தலையில் புழுதி போட்டுக்கொள்ளாமல், அடுப்பில் உலையை வைத்துக் காத்திருக்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.