அமைச்சர் வாங்கிய வலக்கை

முன்னொரு காலத்தில், வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அரசருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. மறுநாள் காலையில் எந்த அமைச்சரின் தேர் முதலில் அரண்மனை வாசலைத் தொடுகிறதோ, அவருக்கே தம் பக்கத்து ஆசனம் என்று அறிவித்துவிட்டார்.

அரசவை விகடன் வெண்காடனுக்குத் தேர் கிடையாது. மறுநாள் காலையும் வழக்கம்போல நடந்தே வந்தான். பூக்காரத் தெருவில் திரும்பும்போது அமைச்சர் வில்லவரின் தேர் அவனை உரசிக்கொண்டு பறந்தது. அடுத்த கணம் ஓர் அலறல். பூக்கட்டும் நல்லாத்தாள் வலக்கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் கிடந்தாள். தேர் நிற்கவே இல்லை.

வெண்காடன் அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினான். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து விரல் நுனி வரை கட்டினார். "ஒரு மண்டலத்துக்கு இந்தக் கை அசையக் கூடாது."

"நாப்பத்தெட்டு நாளா?" வலிக்கு அழாதவள் இப்போது அழுதாள். "எம்புருசன் படுத்த படுக்கையாக் கெடக்காரு சாமி. நான் ஊட்டினாத்தான் அவருக்குச் சோறு. பூக் கட்டுறது யாரு, ஊட்டுறது யாரு?"

"அரசரிடம் முறையிடலாம், தாயி" என்றான் வெண்காடன். அது போதுமா என்று அவனுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் அவளுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள்தான் சபைக்கு வந்து முறையிட முடிந்தது. அரசருக்குப் பக்கத்து ஆசனத்தில் வில்லவர் அமர்ந்திருந்தார்.

"அரசே, சட்டம் தெளிவானது" என்றார் வில்லவர். "விபத்து நடந்த மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்குள், அடிபட்டவரின் வலக்கைப் பெருவிரல் மனுவில் பதிய வேண்டும். இடக்கை செல்லாது."

எல்லோரும் நல்லாத்தாளின் கட்டைப் பார்த்தார்கள். அரசர் முகம் வாடியது. "சட்டம் அப்படித்தான் சொல்கிறது, வெண்காடா."

"வண்டிகூட இல்லாத விகடனுக்குத் தேரைக் கண்டால் வயிற்றெரிச்சல்" என்று சிரித்தார் வில்லவர். "என் தேர் இவள் கையைத்தானே வாங்கியது? உயிரையா வாங்கிவிட்டது?"

வெண்காடன் நிமிர்ந்தான். தப்பாகப் பேசினால் அவள் வழக்கு அத்துடன் முடிந்துவிடும் என்று அவன் பயந்தான். ஆனாலும் பேசினான்.

"அரசே, கையை வாங்கியதாக அமைச்சர் ஒப்புக்கொண்டார். சபை கேட்டது. வாங்கிய பொருள் வாங்கியவரிடம்தானே இருக்கும்? அப்படியானால் நல்லாத்தாளின் வலக்கை இப்போது அமைச்சரிடம் இருக்கிறது. அவரே பெருவிரலைப் பதிக்கட்டும்!"

"என்ன பிதற்றல் இது!"

"இல்லையென்றால் வாங்கியதை இப்போதே திருப்பிக் கொடுங்கள், அமைச்சரே. அவளே பதித்துக்கொள்வாள்."

சபை முழுக்கச் சிரிப்பு. அரசர் மையை வில்லவர் பக்கம் நகர்த்தினார். வில்லவர் வேறு வழியின்றி விரலைப் பதித்தார்.

"இன்னொன்று, அரசே. கை திரும்பும் வரை, அது செய்த வேலையையும் அமைச்சரின் கைதான் செய்ய வேண்டும். காலையில் பூக் கட்டுவது, மதியம் அவள் கணவனுக்குச் சோறு ஊட்டுவது."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். பிறகு தாழ்ந்த குரலில், "தேர்களை ஓடவிட்டவன் நான். இவளுடைய வைத்தியம் என் பொறுப்பு" என்றார்.

பத்து நாள் கழித்து அரசர் வெண்காடனுடன் பூக்காரத் தெருவுக்கு நடந்தே வந்தார். குடிசைக்குள் வில்லவர் சம்மணமிட்டு உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தார். பட்டு அங்கவஸ்திரம் முழுக்க ரசம்.

"சின்ன உருண்டையா உருட்டுங்க சாமி. பெரிசுன்னா அவருக்குப் புரையேறும்" என்றாள் நல்லாத்தாள்.

"தெரியும் தாயே, நேற்றே சொன்னாயே" என்ற வில்லவர், நோயாளியின் வாயோரத்தைத் தம் பட்டாலேயே துடைத்துவிட்டார். படுத்திருந்தவன் அவரைப் பார்த்துப் புன்னகைத்தான்.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பின் நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெண்காடா, என்ன பரிசு வேண்டும்? கேள்."

"அந்தச் சட்ட ஓலையில் 'வலக்கை' என்று இருக்கிறதே, அரசே, அதில் முன்பாதியை அழித்துவிடுங்கள். கை என்று மட்டும் இருந்தால் போதும்."

அரசர் ஓலையை வரவழைத்து, அந்த வாசலிலேயே உட்கார்ந்து, தம் கையாலேயே அழித்தார்.