கோணல் கட்டு

"ஏழு நாளாச்சு, ஆசானே. அந்தப் பிள்ளைக்கு மருந்தும் இல்ல, தடவலும் இல்ல. வெறும் கஞ்சி குடுத்துப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க."

கேட்டவர் வேதமாணிக்கம். ஐம்பது வயசில் வர்ம வைத்தியம் படிக்க வந்த சீடர். ஆசான் தாணுமாலயனுக்கு அவரைவிடப் பத்து வயசு குறைவு. ஆனால் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட வேதமாணிக்கத்தை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அந்தப் பிள்ளை ரெத்தினபாய்க்கு வந்ததோ யாரும் கேள்விப்படாத நோய். தோலுக்குள்ளே எலும்பு முளைக்கிறது. அறுத்தெடுத்த இடத்தில் மறுபடியும் முளைத்தது. இரண்டு முழங்கையும் மடங்காமல் நீட்டியபடி நின்றுவிட்டன. இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்கு அம்மாதான் ஊட்டுகிறாள். ஊட்டும்போதெல்லாம் மகள் கண்ணை மூடிக்கொள்வாள். பாவம், அவ்வளவு கூச்சம்.

ஆசான் அன்றைக்கும் கஞ்சி மட்டும் கொடுக்கச் சொன்னார்.

வேதமாணிக்கத்துக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஆசான் வெளியூர் போன நாளில் அவள் முழங்கையில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டார். முழங்கை வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்தபோது, தோலுக்கடியில் அரிசி அரிசியாகப் புதுசாய் எலும்பு தட்டுப்பட்டது.

மனுஷன் ஆடிப்போனார். ஆசானிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இனி எந்த நோயாளியையும் தொடமாட்டேன் என்று அழுதார்.

ஆசான் உள்ளே போய் ஒரு கரண்டியும், கட்டுக்கு வைக்கும் நீள மூங்கில் பத்தையும், துணிக்கீற்றும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"கட்டும்."

"எந்த எலும்புக்கு?"

ஆசான் ரெத்தினபாயின் வாயைக் காட்டினார்.

வேதமாணிக்கம் கரண்டியைப் பத்தையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார். நல்ல நேர்த்தியான கட்டு. அவள் பத்தையின் முனையைப் பிடித்துக் கஞ்சியை மொண்டு தூக்கினாள். கரண்டி காதுப் பக்கம் போய், தோளெல்லாம் கஞ்சி.

"நேரா கட்டிட்டீர்," என்றார் ஆசான். "இவளுக்குக் கோணலா வேணும்."

முப்பது வருஷக் கட்டுத் தொழிலில் வேதமாணிக்கம் எதையும் கோணலாகக் கட்டியதில்லை. அவிழ்த்தார். சாய்த்துக் கட்டினார். மறுபடி அவிழ்த்தார். பொழுது சாயும்வரை அதே வேலை.

கடைசியில் கரண்டி வாய்க்கு வந்து சேர்ந்தது.

ரெத்தினபாய் கண்ணைத் திறந்தபடியே விழுங்கினாள். அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"உப்பு பத்தல," என்றாள் ரெத்தினபாய்.

வேதமாணிக்கத்தின் கை சட்டென்று உப்புச் சிரட்டைக்குள் போனது. போன கை அப்படியே நின்றது.

அவர் கையை வெளியே எடுத்தார். சிரட்டையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.