கம்பளிக்கு முத்திரை வைத்த அந்துப்பூச்சி

ஒரு மலைக்காட்டில் செம்மறியாடுகள் கம்பளி வியாபாரம் செய்துவந்தன. ஆடுகள் ரோமம் கொடுக்கும். சிலந்திகள் நூல் நூற்கும். தூக்கணாங்குருவிகள் நெய்யும். குளிர்காலத்தில் அடிவாரத்து எருமைகள் வந்து கம்பளிகளை வாங்கிக்கொள்ளும். பதிலுக்குத் தங்கள் புல்வெளியில் ஆடுகளை மேயவிடும். அந்த மாதங்களில் மலையில் மருந்துக்குக்கூடப் புல் இருக்காது.

ஆட்டுத் தலைவன் சுருளனுக்கு ஒரு வருஷம் திடீரென்று ஆசை வந்தது.

"சோதித்த சரக்கு என்று சொல்லி விற்றால் எவ்வளவு கௌரவம்! ஓர் அதிகாரியைப் போடுவோம்!"

மறுநாளே ஓர் அந்துப்பூச்சி பறந்து வந்தாள்.

"கம்பளியைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குத் தெரியாதது இல்லை. ஏழு தலைமுறையாக அதற்குள்ளேதான் வாழ்கிறோம்!"

"அடேயப்பா! கூலி எவ்வளவு கேட்பீர்கள்?" என்றான் சுருளன்.

"ஐயய்யோ, கூலியா! எனக்குச் சாப்பிடும் பழக்கமே கிடையாது. வாய்கூடச் சரியாக இல்லை, பாருங்கள்!"

சுருளன் குனிந்து பார்த்தான். உண்மையாகவே வாய் தெரியவில்லை. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் அதிகாரி எந்தக் காட்டுக்குக் கிடைப்பாள்!

"உதவிக்கு மட்டும் என் பிள்ளைகள் நானூறு பேர் வருவார்கள். அவர்களுக்கும் கூலி வேண்டாம்" என்றாள் அந்துப்பூச்சி.

கம்பளிகள் அடுக்கியிருந்த குகைக்குள் புழுப் பிள்ளைகள் நெளிந்து இறங்கினார்கள். உள்ளேயிருந்து நறநறவென்று சத்தம் கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்று கேட்டாள் சடையி என்ற பெண்ணாடு.

"உஷ்! சோதனை நடக்கிறது!" என்றான் சுருளன்.

ஒரு மாதம் கழித்து ஒரு கம்பளியை வெளியே எடுத்து விரித்தான். அதன் வழியாகச் சடையியின் முகம் நன்றாகத் தெரிந்தது.

"என்னம்மா, ஒரே ஓட்டை!" என்று அந்துப்பூச்சியிடம் கேட்டான்.

"ஓட்டை என்று சொல்லாதீர்கள்! அதுதான் முத்திரை. மற்ற கம்பளிகளுக்கு ஒரு முத்திரை கிடைப்பதே கஷ்டம். உங்களுடையதற்கு நாற்பது!"

சுருளன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

எருமைத் தலைவன் கரியன் வந்து ஒரு கம்பளியைப் போர்த்திப் பார்த்தான். கொம்பு ஓர் ஓட்டையில் வெளியே வந்தது. வால் இன்னொன்றில் வந்தது.

"இது கம்பளியா, மீன் வலையா?"

"நாற்பது முத்திரை, ஐயா!"

"முத்திரை வழியாகத்தான் குளிர் வருகிறதே! ஹா... ஹா... ஹச்!"

அந்த ஒரு தும்மலில் கம்பளி நூல்நூலாகப் பறந்தது.

"இந்த வருஷம் முத்திரையையே மேயுங்கள்!" என்று சொல்லிவிட்டுக் கரியன் இறங்கிப் போனான்.

ரோமம் வெட்டிய ஆடுகள் வெற்று உடம்போடு வெடவெடவென்று நடுங்கின. சுருளன் குகைக்கு ஓடினான். அங்கே நானூறு பிள்ளைகளும் கொழுத்து, சிறகு முளைத்து, புறப்படத் தயாராக இருந்தார்கள்.

"எங்கே போகிறீர்கள்?" என்று அலறினான்.

"இங்கே சோதிக்க இனி ஒன்றுமில்லையே! பக்கத்துக் காட்டிலும் அதிகாரி தேடுகிறார்களாம்" என்றாள் அந்துப்பூச்சி. "நீங்கள்தான் நல்லபடியாக ஒரு சான்றிதழ் எழுதித் தர வேண்டும்!"

அந்தக் குளிர்காலம் முழுக்க ஆடுகள் மரப்பட்டையைக் கடித்துக் காலம் தள்ளின.

கூலியே வேண்டாம் என்று ஒருவர் வேலைக்கு வந்தால், அவர் வீட்டுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.