தண்டனை என்றால் என்ன

ஹாக்கி சங்கத்தில் வீராங்கனைகளின் புகார்களுக்கு விதிமுறை எழுதிக்கொண்டிருந்தார்கள். ‘தண்டனை’ என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதும்போது வாக்குவாதம் வந்தது. ஆட்டத்தில் தோற்ற பெண்களை உச்சி வெயிலில் தண்ணீர்கூடத் தராமல் இருபது சுற்று ஓடவிட்ட பயிற்சியாளர் தனுஷ்கோடியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

“அது தண்டனையே இல்லை, பயிற்சி. உடம்புக்கு நல்லது,” என்று அவர் அடித்துச் சொன்னார். சங்கத் தலைவரும் தலையாட்டினார்.

தட்டச்சு செய்துகொண்டிருந்த சகாயராணி பணிவாகக் கேட்டாள். “அவ்வளவு நல்லதுன்னா, நீங்களும் இப்ப வெயில்ல ரெண்டு சுற்று ஓடிட்டு வாங்களேன், சார்.”

தனுஷ்கோடிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் எதுக்கு ஓடணும்? நான் என்ன தப்பு செஞ்சேன்?”

சகாயராணி தலைவர் பக்கம் திரும்பினாள்.

“செஞ்ச தப்புக்காக ஓடவிட்டா அது தண்டனைன்னு சாரே சொல்லிட்டாரு. அப்படியே அடிச்சிடட்டுமா, ஐயா?”

“அடிம்மா,” என்றார் தலைவர்.

அந்த வாரமே மூன்று பெண்கள் தனுஷ்கோடி மீது புகார் கொடுத்தார்கள். சங்கம் மூன்றையும் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.